ஓடும் ரயிலில் ஒரு வான்கோழி விருந்து

நண்பர்களே, வணக்கம். ரயிலைப் பற்றிப் பேசச் சொல்லிவிட்டு இருபது நிமிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். என்னைப் போன்ற ரயில் பைத்தியத்துக்கு இன்ஜின் வகைகளைச் சொல்லி முடிக்கவே அது போதாது. அதனால் ஒரே ஒரு சாப்பாட்டைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழன் தேங்க்ஸ்கிவிங், குடும்பமாக வான்கோழி விருந்து சாப்பிட்டு நன்றி சொல்லும் நாள். அன்று எப்பாடுபட்டாவது வீடு போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று ஊரே கிளம்பும். அந்நாட்டின் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்கின் ரயில்களில் நிற்க இடம் கிடைக்காத வாரம் அது. ஆனால் அந்த வியாழன் இரவு எங்கேயும் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்றே கணக்குப் போட்டு டிக்கெட் எடுக்கிற ஆட்களும் உண்டு. அதில் நானும் ஒருவன். வீட்டில் என்ன சொன்னார்கள் என்பதை இங்கே விட்டுவிடுகிறேன்.

கணக்கு எளிது. புதன் மதியம் சிகாகோவில் கலிபோர்னியா செஃபிர் என்ற ரயிலில் ஏறினால், சான் பிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்தில் எமரிவில் வரை சுமார் 3,900 கிலோமீட்டர், இரண்டு இரவு. வியாழன் காலை டென்வர். அப்புறம் ராக்கி மலை ஏற்றம், 1928-இல் திறந்த மொஃபாட் சுரங்கத்தின் பத்துக் கிலோமீட்டர் இருட்டு. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கொலராடோ ஆறு வந்து சேர்ந்துகொள்ளும். சாயங்காலம் கிராண்ட் ஜங்ஷனை விட்டதும் ரூபி பள்ளத்தாக்கு. செம்பாறைச் சுவரில் கோடு கிழித்து ஒரு பக்கம் கொலராடோ, மறு பக்கம் யூட்டா என்று எழுதியிருப்பார்கள். சரியாக அந்த நேரத்துக்குத்தான் சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

இரண்டு மாடிப் பெட்டி. மேலே மேசைகள், கீழே சமையலறை. சாப்பாடு ஒரு குட்டி லிஃப்டில் ஏறி வரும். ஒரு மேசைக்கு நான்கு பேர். தனியாகப் போனால் முன்பின் தெரியாத மூன்று பேரோடு உட்கார வைத்துவிடுவார்கள். என் எதிரே சிக்னல் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரும் அவர் மனைவியும். பக்கத்தில் விமானம் என்றாலே பயப்படும் ஒரு கல்லூரி மாணவி. மூவருக்கும் வான்கோழி. சைவமான எனக்கு மசித்த உருளைக்கிழங்கு, பீன்ஸ், கிரான்பெர்ரி. கிரேவி சைவமா என்று கேட்டேன். பரிமாறிய அம்மா சிரித்துக்கொண்டே அதை எடுத்துப் போய்விட்டார்.

அந்தப் பெரியவர் பேசிக்கொண்டே தட்டை லேசாகத் திருப்பி வைப்பார். ஏன் என்று புரியவில்லை. அடுத்த நொடி ரயில் வளைவில் சாயும். மாணவியின் தட்டில் கிரேவி விளிம்பைத் தாண்டும், அவர் தட்டில் உருளைக்கிழங்கு அணைபோட்டு நிறுத்தும். ஜன்னலைப் பார்க்கவே இல்லை. எந்த வளைவு எப்போது வரும் என்பது கைக்குத் தெரிந்திருந்தது.

தேங்க்ஸ்கிவிங்குக்கும் ரயிலுக்கும் சொந்தக்காரர் ஒருவரே என்றார் அவர். லிங்கன். கண்டத்தைக் கடக்கும் இருப்புப்பாதைக்கான சட்டத்தில் 1862 ஜூலையில் கையெழுத்துப் போட்டவர், அடுத்த ஆண்டு அக்டோபரில் நாடு முழுவதற்கும் தேங்க்ஸ்கிவிங்கை அறிவித்தார். இரண்டும் உள்நாட்டுப் போருக்கு நடுவில். யூட்டா என்ற பெயரைத் தந்த யூட் பழங்குடியினரைப் பற்றி அந்த மேசையில் யாரும் பேசவில்லை. நானும்தான் பேசவில்லை.

எனக்கு அன்று உறைத்தது வேறு. ஓட்டுநரும் கண்டக்டரும் வழியில் மாறி மாறி இறங்கி வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பரிமாறுகிறவர்களும் சமைக்கிறவர்களும் கடைசி வரை கூட வருகிறார்கள். அன்றைய விருந்து அவர்கள் வீட்டில் அவர்கள் இல்லாமல்தான் நடந்திருக்கும். இது இன்று நேற்றுக் கதையல்ல. படுக்கைப் பெட்டி முதலாளி ஜார்ஜ் புல்மேன் தன் முதல் டைனிங் காரை, அதாவது சாப்பாட்டுப் பெட்டியை, ஓட விட்டது 1868-இல். புல்மேன் பெட்டிகளில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். படுக்கைப் பெட்டிப் பணியாளர் யாராக இருந்தாலும், முதலாளியின் பெயரான 'ஜார்ஜ்' என்றே கூப்பிடுவார்களாம். சொந்தப் பெயர் எதற்கு என்ற நினைப்பு! அந்தப் பணியாளர்கள் தொழிற்சங்கத் தலைவர் ரேண்டால்ஃப் தலைமையில் 1925-இல் சங்கம் கட்டி, பன்னிரண்டு ஆண்டு போராடித்தான் ஒப்பந்தம் வாங்கினார்கள்.

சாப்பிட்டு முடிந்ததும் அந்தப் பெரியவரின் மனைவி மெனு அட்டையைத் திருப்பிப்போட்டு 'நன்றி' என்று எழுதிக் கையெழுத்திட்டார். நாங்களும் போட்டோம். அட்டை மேசை மேசையாகப் போனது. கடைசியில் பரிமாறிய அம்மா தன் பெயரையும் எழுதி, அழுக்குத் தட்டுகளுக்கு மேலே வைத்து லிஃப்டில் கீழே இறக்கினார்.

கொஞ்ச நேரத்தில் லிஃப்ட் ஏறி வந்தது. பூசணி வைத்துச் சுட்ட 'பை' (pie) என்ற இனிப்பு, நான்கு துண்டு. பக்கத்தில் அதே அட்டை, ஓரத்தில் கிரேவிக் கறையோடு. எங்கள் பெயர்களுக்கெல்லாம் கீழே, பெரிய எழுத்தில், நாங்கள் கடைசி வரை முகம் பார்க்காத சமையல்காரரின் பெயர் இருந்தது.