நிலவேம்புக்கு எத்தனை பெயர்?

நேயர்களுக்கு வணக்கம்.

இருபது வருடங்களுக்கு மேலாகக் கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். நூலகர் என்றால் புத்தகத்துக்குத் தூசு தட்டுகிறவர் என்று நினைக்கிறவர்கள் இன்றும் உண்டு. தூசும் தட்டுகிறோம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இப்போது என் பொழுதில் பாதி, மாணவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஆராய்ச்சிக் கட்டுரை தேடுவதில் போகிறது. அதைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டார்கள். பொதுவாகப் பேசினால் உங்களுக்குத் தூக்கம் வந்துவிடும். ஒரே ஒரு தேடலை எடுத்துச் செய்து காட்டுகிறேன். வானொலியில் திரை கிடையாது, அதனால் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மழைக்காலத்தில் தாவரவியல் முதுகலை படிக்கும் மாணவி ஒருத்தி வந்தாள். "மேடம், டெங்குவுக்கு நிலவேம்பு பற்றி ஆராய்ச்சியே இல்லை போலிருக்கிறது. தேடிப் பார்த்தேன், உருப்படியாக ஒன்றும் வரவில்லை" என்றாள். தேடிய இடம் பப்மெட். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் 1996-இல் தொடங்கியது அது. மூன்றரைக் கோடிக்கும் மேலான மருத்துவ, உயிரியல் கட்டுரைகளின் விவரங்கள் அதில் இருக்கின்றன. காசு கிடையாது, யாரும் தேடலாம். அதில் நிலவேம்பு என்பதை ஆங்கில எழுத்தில் அடித்திருக்கிறாள், அவ்வளவுதான்.

"இந்தச் செடியைப் பற்றி பாங்காக்கில் இருக்கிற ஒருவர் கட்டுரை எழுதினால், நிலவேம்பு என்றா எழுதுவார்?" என்று கேட்டேன். முழித்தாள்.

கம்ப்யூட்டரை மூடிவைத்துவிட்டுத் தாளில் பெயர்களை எழுதச் சொன்னேன். தாவரவியல் பெயர் ஆண்ட்ரோகிராஃபிஸ் பேனிகுலேட்டா, அது அவளுக்கே தெரியும். வடக்கே கால்மேக். தாய்லாந்தில் ஃபா தலாய் ஜோன். சீனத்தில் சுவான் சின் லியன். ஆங்கிலத்தில் கசப்புகளின் அரசன் என்று பொருள்படும் ஒரு பெயரும் உண்டு. அந்தக் கசப்புக்குக் காரணமான பொருளின் பெயர் ஆண்ட்ரோகிராஃபோலைடு. கட்டுரையாளர் செடியின் பெயரையே சொல்லாமல் அந்தப் பொருளை மட்டும் சொல்லி எழுதியிருக்கலாம். அப்புறம், நம் ஊரில் குடிக்கிற நிலவேம்புக் குடிநீர் வேறு கணக்கு. அதில் நிலவேம்போடு சேர்த்து ஒன்பது சரக்குகள். நீ தேடுவது செடியையா, குடிநீரையா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே அவளுக்கு ஒரு டீ குடிக்கிற நேரம் ஆனது. என்னைக் கேட்டால், தேடல் என்பதில் முக்கால்வாசி வேலை இதுதான். இயந்திரத்துக்கு நிலவேம்பும் தெரியாது, காய்ச்சலும் தெரியாது. எழுத்துகள்தான் தெரியும். எழுதியவர் எந்தச் சொல்லைப் போட்டிருப்பார் என்று நாம்தான் ஊகிக்க வேண்டும்.

சரி, இப்போது கம்ப்யூட்டரைத் திறக்கலாம். ஒரே பொருளுக்கு உள்ள பல பெயர்களுக்கு நடுவே 'ஆர்' போட வேண்டும்: இதுவோ அதுவோ, எது இருந்தாலும் கொண்டுவா என்று அர்த்தம். இரண்டு வேறு பொருள்களை இணைக்க 'ஆண்ட்': இரண்டும் இருந்தாக வேண்டும். பப்மெட்டில் இவற்றைப் பெரிய எழுத்திலேயே அடியுங்கள். இந்தத் தர்க்கத்தை வகுத்த ஜார்ஜ் பூல் 1864-இலேயே காலமாகிவிட்டார். கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்க்காத மனிதர்.

மாணவி உற்சாகமாக டெங்கு ஆண்ட் நிலவேம்பு ஆர் ஆண்ட்ரோகிராஃபிஸ் என்று ஒரே மூச்சில் அடித்தாள். கட்டுரைகள் கொட்டின. எடுத்துப் பார்த்தால் தொண்டைவலி, கல்லீரல், என்னென்னவோ. டெங்குவைக் காணோம். ஏன்? பப்மெட் இடமிருந்து வலமாகப் படிக்கும். முதலில் டெங்குவும் நிலவேம்பும் சேர்ந்து இருப்பதை எடுத்தது. பிறகு 'அல்லது ஆண்ட்ரோகிராஃபிஸ்' என்றதும், அந்தச் செடியைப் பற்றிய எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்துவிட்டது. செடியின் பெயர்களை எல்லாம் ஓர் அடைப்புக்குறிக்குள் போட்டு, வெளியே டெங்குவை வைத்ததும் பட்டியல் ஒழுங்குக்கு வந்தது. வேறு சில தரவுத்தளங்கள் 'ஆண்ட்'டை முதலில் கவனிக்கும். அந்த வம்பே வேண்டாம், எங்கே தேடினாலும் அடைப்புக்குறி போட்டுவிடுங்கள்.

அடுத்தது நட்சத்திரக்குறி. ஆண்ட்ரோகிராஃப் என்பதோடு நிறுத்தி ஒரு நட்சத்திரம் போட்டால், செடியும் வரும், அதன் கசப்புப் பொருளும் வரும். வேர்ச்சொல்லைக் கொடுத்து வாலை இயந்திரத்திடம் விட்டுவிடுகிறோம். ஆனால் எங்கே வெட்டுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். கொசுவுக்கான ஆங்கிலச் சொல்லை இவள் ஐந்தாவது எழுத்திலேயே வெட்டி நட்சத்திரம் போட்டாள். மஸ்கிட்டோவோடு மசூதிகளும் சேர்ந்து வந்தன. இரண்டும் ஆங்கிலத்தில் அந்த ஐந்து எழுத்தில்தான் தொடங்குகின்றன.

இன்னொரு நுணுக்கம். சாதாரணமாக ஒரு சொல்லை அடித்தால், பப்மெட் தானாகவே அதற்கு இணையான சொற்களையும் சேர்த்துத் தேடும். மேற்கோள்குறியோ நட்சத்திரமோ போட்டுவிட்டால், 'இவருக்கு என்ன வேண்டுமென்று இவருக்கே தெரியும்' என்று அந்த உதவியை நிறுத்திக்கொள்ளும். நாம் அடித்ததை அது எப்படிப் புரிந்துகொண்டது என்று பார்க்க, அட்வான்ஸ்டு என்ற பக்கத்துக்குப் போங்கள். நீங்கள் தேடிய ஒவ்வொன்றும் வரிசை எண்ணோடு, எத்தனை கிடைத்தன என்ற கணக்கோடு அங்கே நிற்கும். ஒவ்வொன்றையும் விரித்தும் பார்க்கலாம். பழகுகிறவர்களுக்கு அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

மெஷ் என்று ஒன்று இருக்கிறது. 1960-இலிருந்து அந்த மருத்துவ நூலகம் பராமரிக்கும் பொருள்தலைப்புப் பட்டியல். ஹார்ட் அட்டாக் என்று ஒருவர் எழுதுவார், மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன் என்று இன்னொருவர் எழுதுவார். பட்டியலில் இரண்டுக்கும் ஒரே தலைப்பு. டெங்கு என்ற தலைப்பில் தேடினால், அதன் கீழுள்ள கடுமையான டெங்குவும் கூடவே வரும். ஆனால் பப்மெட்டில் உள்ள எல்லாக் கட்டுரைகளுக்கும் இந்தத் தலைப்புகள் இடப்படுவதில்லை. தலைப்பையும் சாதாரணச் சொற்களையும் 'ஆர்' போட்டுச் சேர்த்தே தேடுங்கள்.

'நாட்' என்ற சொல்லிடம் மட்டும் எனக்குப் பயம். ஒரு தடவை சூடுபட்டிருக்கிறேன். சிக்குன்குன்யா கட்டுரைகள் வேண்டாம் என்று ஒரு பேராசிரியர் சொன்னார் என்பதற்காக, டெங்கு நாட் சிக்குன்குன்யா என்று போட்டுப் பட்டியல் எடுத்துக் கொடுத்துவிட்டேன். நிலவேம்புக் குடிநீரை இரண்டு வைரஸுக்கும் எதிராகச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று, அவருக்கு மிகவும் வேண்டியது, அப்படியே விழுந்துவிட்டது. சிக்குன்குன்யா என்ற சொல் அதில் இருந்ததுதான் குற்றம். அவர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். தேடுவதற்கு முன்னால், இந்த விஷயத்தில் உனக்கு ஏற்கெனவே தெரிந்த இரண்டு மூன்று நல்ல கட்டுரைகளைச் சொல் என்று மாணவர்களைக் கேட்பேன். தேடி முடித்ததும் அவை பட்டியலில் இருக்கின்றனவா என்று பார்ப்பேன். இல்லையென்றால் வலையில் ஓட்டை. விட்டுப்போன கட்டுரையைத் திறந்து, அதில் என்ன சொல் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து, அதையும் அடைப்புக்குறிக்குள் சேர்த்து மறுபடி ஓட்டுவேன்.

ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் நம்மவர்களுக்குத் தனித் தலைவலி. பழைய கட்டுரை என்றால் சென்னையோடு மெட்ராஸையும், தூத்துக்குடியோடு டூட்டிகோரினையும் போட வேண்டும். சுப்பையா மகன் முருகன் ஒரு கட்டுரையில் எஸ். முருகனாக இருப்பார், இன்னொன்றில் பதிப்பகத்தார் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கி எம். சுப்பையா என்று போட்டிருப்பார்கள். இரண்டையும் தேடுங்கள். தமிழ் எழுத்திலேயே தேடும் வசதி உள்ள இடங்களில் வேறொரு சிக்கல்: மரம் என்று தேடினால் மரத்தை, மரங்கள் எல்லாம் நழுவிவிடலாம். இறுதி மெய்யை விட்டுவிட்டு, மர என்பதோடு நிறுத்தினால்தான் பிடிக்க முடியும். கூடவே மரபும் மரணமும் வரும். சகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த மாணவி இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். தேதி, எங்கே தேடினாள், என்ன அடித்தாள், எத்தனை வந்தன, எது விட்டுப்போனது. அவளுக்குக் கொடுத்த அடுத்த பயிற்சியை உங்களுக்கும் தருகிறேன். வேலியோரம் வளருகிற ஆடாதோடை, இருமலுக்கு. தாளில் அதன் பெயர்களை எழுதுங்கள். ஒரு துப்பு மட்டும் சொல்கிறேன்: தாவரவியல்காரர்கள் அதை இப்போது ஜஸ்டிசியா என்கிறார்கள், பழைய கட்டுரைகளில் அது ஜஸ்டிசியா இல்லை.

நன்றி, வணக்கம்.