ஒரே மூதாட்டி, இரண்டு கதைகள்

நேயர்களுக்கு என் வணக்கம்.

கல்லூரியில் அமெரிக்க வரலாறு நடத்துகிறேன். அடிமை முறை பற்றிய பாடம் வரும்போது புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, முன்னாள் அடிமைகளின் இரண்டு நேர்காணல்களை இணையத்திலிருந்து எடுத்து மாணவர்கள் கையில் கொடுப்பேன். யார் எடுத்தது என்ற விவரத்தை மட்டும் மறைத்துவிடுவேன்.

ஒன்றில் பேசும் மூதாட்டி, தம் எஜமானர் நல்ல மனிதர் என்கிறார். மற்றதில் வருபவர் வேறொன்று சொல்கிறார்: இரவில் கல்யாணம் நடந்தது, விடிந்ததும் மணப்பெண்ணை விற்றுவிட்டார்கள். பெற்றவள் தெருவில் இறங்கி எஜமானியை ஏசினாள். போலீஸ் அவளைப் பிடித்துக்கொண்டு போனது. அப்புறம் அவள் என்ன ஆனாளோ, தெரியாது.

"முதல் பாட்டிக்கு நல்ல வீடு வாய்த்திருக்கிறது" என்பார்கள் மாணவர்கள். பிறகுதான் சொல்வேன், இருவரும் ஒருவரே என்று. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரத்து சூசன். ஒரு தாளில் ஹாம்லின், இன்னொன்றில் ஹாமில்டன் என்று பெயர் பதிவாகியிருக்கிறது.

முதல் நேர்காணலை எடுத்தவர் ஜெஸ்ஸி பட்லர் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி. ஏழைகளுக்கு உதவி வழங்கும் அலுவலகத்திலிருந்து வந்தவர் என்று சூசன் அவரை நினைத்துக்கொண்டார். அந்த எண்ணத்தைத் தாம் திருத்தவில்லை என்று பட்லரே எழுதி வைத்திருக்கிறார். மற்றதை எடுத்த அகஸ்டஸ் லாட்சன் கறுப்பினத்தவர். உதவித்தொகை தர வந்தவரிடம் ஏழைக் கிழவி எதைச் சொல்வாள், எதை விழுங்குவாள்? இந்த இடத்தில் வகுப்பு தானாகவே பேச ஆரம்பித்துவிடும்.

1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலை இழந்த எழுத்தாளர்களுக்கு அமெரிக்க அரசு சம்பளம் கொடுத்து, 1936 முதல் 1938 வரை முன்னாள் அடிமைகளைச் சந்திக்க அனுப்பியது. அப்படிச் சேர்ந்த நேர்காணல்கள் 2,300-க்கும் மேல்; சூசனுடையவையும் அவற்றில் உண்டு. அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் தட்டச்சுத் தாள்களாகவே, காசில்லாமல் கிடைக்கின்றன. பேச்சு வழக்கில் எழுதியிருப்பதால் கண்ணால் ஓட்டினால் பிடிபடாது. வாய்விட்டுப் படிக்க வைக்க வேண்டும்.

இவற்றை நம்ப முடியாது, வகுப்புக்கு ஆகாது என்பவர்கள் உண்டு. நான் ஒப்ப மாட்டேன். விடுதலை கிடைத்து எழுபது ஆண்டுக்கு மேலாகியும் வெள்ளையர் முன் வார்த்தையை அளந்து பேச வேண்டியிருந்ததே, அதுவும் பாடம்தானே?

கடைசியில், அதே நூலகத்தின் ஒலிப்பதிவு ஒன்றைப் போடுவேன். 1949-இல் பால்டிமோரில் பதிவானது. பேசுபவர் ஃபவுண்டன் ஹியூஸ். தம் வயது நூற்றொன்று என்கிறார். தம் தாத்தா தாமஸ் ஜெபர்சனுக்குச் சொந்தமாக இருந்தவர் என்கிறார். மனிதர் எல்லோரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் எழுதிய அதே ஜெபர்சன். குதிரையை, மாட்டை, பன்றியை விற்பதுபோல் எங்களை விற்றார்கள் என்று அந்த முதியவர் சொல்லிக்கொண்டு போகிறார்.

அந்தக் குரல் ஓடும்போது நான் குறுக்கே பேசுவதில்லை.