எலுமிச்சை மணக்கும் விரல்கள்

(தருமபுரியில் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மாணவ மாணவியரே, ஆசிரியப் பெருமக்களே, வணக்கம்.

கல்லூரி மாணவர்களுக்கு மனநல ஆலோசனை சொல்வது என் வேலை. புகையிலை என்று பேச்சு எழுந்தால் எல்லோருடைய கண்ணும் பையன்கள் பக்கம்தான் திரும்பும். என் கண்ணும் அப்படித்தான் இருந்தது. ஒரு நாள் தலைவலி என்று ஒரு மாணவி வந்தாள். அவள் விரல்களில் எலுமிச்சை வாசம். விடுதி மொட்டைமாடியில் சிகரெட் பிடித்துவிட்டு, எலுமிச்சைத் தோலால் விரல்களைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வருவாளாம். இதை அவள் சொன்னது மூன்றாவது சந்திப்பில். தன் மனம் ஒரு பெண்ணை நாடுகிறது என்பதைச் சொல்ல இன்னும் இரண்டு மாதம் ஆனது. அவளுடைய அனுமதியோடுதான் இங்கே சொல்கிறேன்.

அரூர், பென்னாகரம் பக்கத்து வீடுகளில் பாட்டி வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொள்வதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. பேத்தி சிகரெட்டைத் தொட்டால் அது குடும்ப மானத்தின் பிரச்சினை ஆகிவிடுகிறது. 2016-17இல் எடுத்த தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் வயதுவந்த ஆண்களில் 42.4 விழுக்காட்டினரும் பெண்களில் 14.2 விழுக்காட்டினரும் புகையிலை பயன்படுத்துகிறார்கள். புகைக்கும் பெண்கள் 2 விழுக்காடுதான். அந்த இரண்டுக்குள் இருப்பவள் யாரிடம் போய் உதவி கேட்பாள்?

அந்த ஆய்வு ஆணா பெண்ணா என்று கேட்டது. யார்மீது ஈர்ப்பு என்று கேட்கவில்லை. அமெரிக்காவில் கேட்டார்கள். தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு கொண்ட மாணவர்களிடையே புகைபிடித்தல் மற்றவர்களைவிட அதிகம் என்று அங்கே பல ஆய்வுகள் காட்டியுள்ளன. இந்த இடைவெளி பெண்களிடம்தான் பெரிது. இருபாலீர்ப்புள்ள பெண்களிடம் மிகப் பெரிது.

அவர்களுடைய பிறப்பில் ஏதோ கோளாறு என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். ஒளிந்து வாழ்வதும், எந்த நேரத்தில் அவமானம் வருமோ என்று அஞ்சிக்கொண்டே இருப்பதும் உடலை அரிக்கும். இதைச் சிறுபான்மை அழுத்தம் என்று 2003இல் விரிவாக எழுதினார் உளவியலாளர் இலான் மேயர். சிகரெட் வியாபாரிகள் இதை மோப்பம் பிடித்துவிட்டார்கள். 1995இல் ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் நிறுவனம் சான் பிரான்சிஸ்கோவில் தன்பாலீர்ப்பு ஆண்களையும் வீடற்றவர்களையும் குறிவைத்து ஒரு விற்பனைத் திட்டம் வகுத்தது. அதற்கு வைத்த சுருக்கப் பெயருக்கு ஆங்கிலத்தில் கழிசடை என்று பொருள். தன் வாடிக்கையாளனை இப்படி நினைத்தவன் விற்ற சரக்கு அது.

“பிடித்தால் மனசு அடங்குகிறது சார்” என்கிறார்கள். அடங்குவது உண்மைதான். நிகோடின் சில நொடிகளில் மூளையைத் தொடும். இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடும். அப்போது எரிச்சலும் பதற்றமும் தலைதூக்கும். அடுத்த சிகரெட் அந்தப் பதற்றத்தைத்தான் அடக்குகிறது. கூரைக்குத் தீ வைத்தவனே வாளியில் தண்ணீரோடு ஓடி வருவது போல. முதலில் இருந்த துயரம் அப்படியே கிடக்கிறது. ஹான்ஸ் புகையிலையை உதட்டுக்குள் ஒதுக்குகிறவர்களுக்கும் இதே கதைதான்.

கல்வி நிலையத்திலிருந்து நூறு கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்கிறது 2003ஆம் ஆண்டுச் சட்டம். அதை நடைமுறைப்படுத்த வேண்டும், கட்டாயம் வேண்டும். ஆனால் பெட்டிக்கடையை மூடிவிட்டால் மொட்டைமாடியில் தனியாக நிற்கிறவளுக்குப் பேச ஆள் கிடைத்துவிடுமா? 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தன்பாலீர்ப்பு உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. நம் விடுதிகளுக்கு அந்தத் தீர்ப்பு இன்னும் வந்து சேரவில்லை.

ஆசிரியர்களே, பையில் சிகரெட் பெட்டி கிடைத்தால் உடனே பெற்றோருக்குப் போன் செய்யாதீர்கள். அந்த மாணவி வீட்டுக்கு ஒரு முறை அப்படித்தான் போன் போனது. அதற்குப் பிறகு நாளுக்கு மூன்றாக இருந்தது எட்டானது.

விட நினைப்பவர்களுக்கு 1800112356 என்ற தேசிய இலவச எண் இருக்கிறது. இன்று மாலை நான்கு மணி வரை நூலகத்துக்குப் பக்கத்து அறையில் நானும் இருப்பேன். பெயர் எழுதும் நோட்டு அங்கே கிடையாது.