வெள்ளை இனத்தைக் காக்க வந்தவர்களாம்! ஆரியன் பிரதர்ஹுட் கதை

1979, அமெரிக்காவின் அட்லாண்டா மத்திய சிறை. பாரி மில்ஸ் என்ற கைதி இன்னொரு கைதியைக் கத்தியால் கொல்கிறான், தலையே கிட்டத்தட்டத் துண்டாகிவிட்டது. செத்தவன் வெள்ளைக்காரன். கொன்றவன், வெள்ளை இனம்தான் உசத்தி என்று மார்தட்டும் ஆரியன் பிரதர்ஹுட் கும்பலின் பெரிய தலைகளில் ஒருவன். எதற்காகக் கொன்றான்? போதைமருந்து பேரத்தில் ஏமாற்றிவிட்டானாம். அவ்வளவுதான்.

சரி, இந்தக் கும்பல் எங்கிருந்து வந்தது? 1960களில் கலிபோர்னியா சிறைகளில் கறுப்பர், வெள்ளையர் என்று பிரித்து வைக்கும் வழக்கம் ஒழிய, 1964 வாக்கில் சான் குவென்டின் சிறையில் சில வெள்ளைக் கைதிகள் "நம்மை நாமே பாதுகாத்துக்கொள்வோம்" என்று கூடினார்கள். பாதுகாப்பு என்ற பேச்செல்லாம் கொஞ்ச நாள்தான், அப்புறம் போதைமருந்து, சூதாட்டம், மிரட்டிப் பணம் பறிப்பது என்று முழுநேரத் தொழில். சேர வேண்டுமா, யாரையாவது கொல்ல வேண்டும் அல்லது குத்த வேண்டும். விலக வேண்டுமா, பிணமாகத்தான் விலகலாம். மூன்றிலைச் சின்னத்தை உடம்பில் பச்சை குத்திக்கொள்வார்கள். கறுப்பர் கும்பலான பிளாக் கெரில்லா ஃபேமிலி ஜென்ம விரோதி, ஆனால் வியாபாரம் என்று வந்தால் மெக்சிகன் மாஃபியாவோடு கைகோக்க இன வெறி குறுக்கே நின்றதே இல்லை.

இனி 1983 அக்டோபர் 22, இல்லினாய் மாநிலத்தின் மேரியன் சிறை. இதே கும்பலைச் சேர்ந்த தாமஸ் சில்வர்ஸ்டைன் என்ற கைதி குளித்துவிட்டுக் கைவிலங்கோடு திரும்பி வருகிறான், கூடவே காவலர்கள். வழியில் ஓர் அறையின் கம்பிக் கதவருகே நின்று கைகளை உள்ளே நீட்டுகிறான். உள்ளே இருந்தவன் கள்ளச்சாவியால் விலங்கைத் திறந்துவிட்டு ஒரு கத்தியையும் கொடுக்கிறான். திரும்பியவன் காவலர் ஒருவரை விரட்டி விரட்டிக் குத்தினான், ஏறக்குறைய நாற்பது குத்து. சில மணி நேரத்தில் அதே பிரிவில், அதே தந்திரத்தில், கிளேட்டன் ஃபவுன்டன் என்ற கைதி இன்னொரு காவலரைக் கொன்றான். அன்றிலிருந்து அந்தச் சிறையே பூட்டு போட்ட மாதிரி ஆனது, கைதிகள் நாளெல்லாம் அறைக்குள்தான். 1994இல் கொலராடோவில் திறந்த ஃப்ளோரன்ஸ் உயர்பாதுகாப்புச் சிறைக்கு இதுதான் வித்து. சில்வர்ஸ்டைன் 2019இல் சாகும்வரை, சுமார் 36 வருஷம், தனிமைச் சிறையிலேயே இருந்தான்.

தனிமையில் அடைத்தால் கும்பல் ஓய்ந்துவிடுமா? 1997இல் தலைவர்களிடமிருந்து பென்சில்வேனியாவின் லூயிஸ்பர்க் சிறைக்கு ஒரு கடிதம் போனது. பார்த்தால் சாதாரணக் கடிதம், ஆனால் அதில் சிறுநீரால் எழுதிய வரி ஒன்று ஒளிந்திருந்தது, சூடு காட்டினால் தெரியும்: கறுப்பர் கும்பலோடு போர். அந்த ஆகஸ்டில் அங்கே இரண்டு கறுப்புக் கைதிகள் கொல்லப்பட்டார்கள்.

2002இல் அரசு, கும்பலின் நாற்பது பேர்மீது ஒரே வழக்காகப் போட்டது. 2006இல் மில்ஸும், கும்பலின் இன்னொரு தலைவனான டைலர் பிங்ஹாமும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. மரண தண்டனையில் ஜூரிகள் ஒத்துப்போகாததால், பரோல் கிடையாத ஆயுள் தண்டனை, அதிலும் மில்ஸ் 1979 கொலைக்காக ஏற்கெனவே ஆயுள் கைதி! அவர்களுக்கு எதிராகக் கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னவர்களில், உயிருள்ளவரை விசுவாசம் என்று சத்தியம் செய்த பழைய சகாக்களே இருந்தார்கள்.