நாளைய சொத்து வரியை இன்றே எழுதிக் கொடுக்கும் நகரம்

(காட்சி: சிகாகோ ஆற்றின் வடகிளை. கரையில் பரந்த வெற்று நிலம்.)

நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இங்கே ஃபிங்கல் எஃகு ஆலை இயங்கியது. ஒருபுறம் லிங்கன் பார்க், மறுபுறம் பக்டவுன். இரண்டுமே வசதி படைத்தவர்கள் வாழும் பகுதிகள். ஆலை இடம் மாறிய பின், ஸ்டெர்லிங் பே என்ற நிறுவனம் 'லிங்கன் யார்ட்ஸ்' என்ற பெயரில் சுமார் 600 கோடி டாலர் திட்டத்துடன் வந்தது. 2019 ஏப்ரல் 10 அன்று, வட்டியையும் சேர்த்து 130 கோடி டாலர் வரை பொதுப்பணம் தர நகர மன்றம் ஒப்புதல் அளித்தது. லோரி லைட்ஃபுட் மேயராகத் தேர்வாகி எட்டே நாள்தான் ஆகியிருந்தது. பதவி முடிந்து போகவிருந்த மேயர் ராம் இமானுவேலின் ஆட்சியே இதை முடித்து வைத்தது.

அந்தப் பணம் கஜானாவில் இருந்ததா? இல்லை. இனிமேல் வரப்போகும் சொத்து வரி அது. இந்த ஏற்பாட்டை அங்கே 'டிஃப்' (TIF, அதாவது வரி உயர்விலிருந்து நிதி திரட்டுவது) என்கிறார்கள்.

(காட்சி: வரைபடத்தில் ஒரு பகுதியைச் சுற்றிக் கோடு விழுகிறது.)

கோட்டுக்குள் இருக்கும் சொத்துகளின் மதிப்பு இன்று 100 கோடி டாலர் என்று வைத்துக்கொள்வோம். அந்த மதிப்பை 23 ஆண்டுகளுக்கு உறைய வைக்கிறார்கள். பிறகு மதிப்பு 150 கோடியானாலும், பள்ளி, பூங்கா, நூலகம் ஆகியவற்றின் வரிக் கணக்கில் பழைய 100 கோடிதான் இருக்கும். கூடிய 50 கோடிக்கு உரிய வரி தனி நிதிக்குப் போகிறது. கட்டுமான நிறுவனம் தன் கைப்பணத்தில் சாலையும் பாலமும் போட்டுவிட்டு, அந்த நிதியிலிருந்து வட்டியோடு திரும்பப் பெறும்.

இதனால் பள்ளியின் செலவு உறைந்துவிடுவதில்லை. புதிய குடியிருப்புகளோடு புதிய பிள்ளைகளும் வருகிறார்கள். பள்ளி தனக்கு வேண்டியதைக் கேட்கலாம். ஆனால் அந்தச் சுமையை உறைந்த மதிப்பின் மீதும் கோட்டுக்கு வெளியே உள்ள சொத்துகளின் மீதுமே ஏற்ற முடியும். எங்கோ தென்பகுதியில் சிறு வீடு வைத்திருப்பவரின் வரி விகிதம் ஏறுகிறது. அவருடைய ரசீதில் லிங்கன் யார்ட்ஸ் என்ற பெயர் இருக்காது. இந்த மானியத்தில் எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான்: கொடுப்பவருக்கே தான் கொடுப்பது தெரிவதில்லை.

நலிந்த இடங்களும், நலிவை நோக்கிப் போகும் இடங்களும் மீள வேண்டும் என்பதற்காக உருவான சட்டம் இது. உதவி இல்லாவிட்டால் அங்கே யாரும் கட்ட வரமாட்டார்கள் என்பதை நகரம் காட்ட வேண்டும். ஆற்றங்கரையில், இரண்டு செல்வப் பகுதிகளுக்கு நடுவே, யாரும் வரமாட்டார்களா?

2013-ஐயும் நினைவுபடுத்த வேண்டும். அந்த மே மாதத்தில் சிகாகோ சுமார் 50 அரசுப் பள்ளிகளை மூட முடிவெடுத்தது. அதே மாதத்தில், மெக்கார்மிக் பிளேஸ் என்ற மாநாட்டு மையப் பகுதியில் ஒரு விளையாட்டரங்கமும் ஹோட்டலும் அடங்கிய திட்டத்துக்கு 5.5 கோடி டாலர் டிஃப் பணத்தை அறிவித்தது. இரண்டும் வேறு வேறு கணக்கு என்று அதிகாரிகள் சொல்லலாம். பள்ளியை இழந்த தாய்க்கு அது ஒரே நகரத்தின் பணம்.

லிங்கன் யார்ட்ஸ் பெரும்பாலும் எழவே இல்லை. ஓர் ஆய்வகக் கட்டடம் மட்டும் வந்தது. 2025-இல் வடபகுதி நிலம் கடன் கொடுத்த வங்கியிடம் போயிற்று. கட்டடம் எழாவிட்டால் வரி உயர்வும் இல்லை, திருப்பித் தரப் பணமும் இல்லை. அந்த அளவுக்கு நகரம் தப்பித்தது உண்மைதான். ஆனால், வேறு யாருக்கு எதைக் கட்டலாம் என்று அந்த நிலத்தை வைத்து யோசித்திருக்கக்கூடிய ஆண்டுகள் போய்விட்டன.

(காட்சி: மீண்டும் அதே வெற்று நிலம். ஆறு ஓடுகிறது.)