சமுத்திரமும் இல்லாமற்போயிற்று

(கொட்டாஞ்சேனையில் லெந்து நாட்களில் நடந்த ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பான சகோதர சகோதரிகளே,

துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் மறைப்பதால் இங்கிருந்து கடல் தெரிவதில்லை. ஆனாலும் காற்றில் உப்பு இருக்கிறது. களனி கங்கை கடலில் விழும் முகத்துவாரத்திலிருந்தும் பலர் வந்திருக்கிறீர்கள். உங்கள் முன்னால் வெளிப்படுத்தின விசேஷம் 21-ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தை வாசிப்பது எனக்கு என்றைக்குமே சங்கடம். புதிய வானம், புதிய பூமி, கூடவே "சமுத்திரமும் இல்லாமற்போயிற்று." கடலை நம்பிப் பிழைக்கிறவனுக்குக் கடலில்லாத மோட்சம் எதற்கு? முகத்துவாரத்து அம்மா ஒருவர் இதை நேராகவே என்னிடம் கேட்டார். அன்றைக்கு நான் சொன்ன பதில் சரியில்லை.

இஸ்ரவேலர் கடலோடிகள் அல்லர். அவர்களுக்குக் கடல் என்றால் பயம். வடக்கே உகாரித் நகரத்தார் கடலைத் தெய்வமாகவே கொண்டார்கள். அந்தத் தெய்வத்தின் பெயர் யாம். எபிரெயத்தில் கடலுக்கும் யாம் என்றுதான் பெயர். இந்தப் பயத்துக்கு நடுவில் நின்று யோபு 38-ஆம் அதிகாரம் சொல்வதைக் கேளுங்கள். கடல் கர்ப்பத்திலிருந்து புரண்டு வருகிறது. கர்த்தர் மேகத்தை அதற்கு வஸ்திரமாகவும், "இருளை அதற்குப் புடவையாகவும்" உடுத்துகிறார். அதன் பிறகுதான் "இம்மட்டும் வா, மிஞ்சி வராதே" என்ற கட்டளை. சுற்றிலும் இருந்தவர்கள் கும்பிட்டு நடுங்கிய அந்தக் கடல், இங்கே துணியில் சுற்றிக் கிடக்கும் பச்சைக் குழந்தை!

இந்த வசனத்தை நான் புத்தகத்தில் படிக்குமுன்பே ஒரு கப்பலில் படித்துவிட்டேன். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அகதிமுகாமிலிருந்து எங்களைக் காங்கேசன்துறைக்குக் கப்பலேற்றினார்கள். எனக்கு எட்டு வயது. மேல்தட்டில் படுக்க இடமில்லை. எல்லோரும் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தோம். அம்மா ஒரு பால்மா டின்னுக்குள் வாந்தி எடுப்பார், வாயைத் துடைப்பார், திரும்பவும் சீலைத் தலைப்பை இழுத்து என்னைச் சுற்றிக்கொள்வார். அந்தச் சீலைக்குள் மண்ணெண்ணெய் வாசம். வெளியே ஒன்றும் தெரியாத இருட்டு. எங்களைத் துரத்தியது தரை. கொண்டுபோய்ச் சேர்த்தது கடல். செங்கடலைக் கடந்த சனங்களின் கதையை அதன்பின் எந்த ஓய்வுநாள் பள்ளியிலும் எனக்கு விளக்கவேண்டியிருக்கவில்லை.

இனி மாற்கு 4, ஆண்டவர் படகிலிருந்து புயலை அடக்கிய கதை. கலிலேயாக் கடல் உண்மையில் ஒரு நன்னீர் ஏரி. நீளம் ஏறக்குறைய 21 கிலோமீற்றர். கடல்மட்டத்துக்கு 200 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. மேட்டிலிருந்து இறங்கும் காற்று சட்டென்று அதைக் கலக்கிவிடும். கிரேக்கத்தில் லூக்கா அதை ஏரி என்றே எழுதுகிறார். மாற்கோ கடல் என்கிறார். படிக்கிறவர்களுக்கு அந்தப் பழைய பயம் நினைவுக்கு வரவேண்டும் என்றுதான் அவர் அப்படி எழுதினார் என்று நினைக்கிறேன். ஆண்டவர் பின்னணியத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். அணியம் என்பது படகுக்காரரின் சொல். நம்முடைய பழைய வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்கள் கரையில் காதுகொடுத்துக் கேட்டிருக்கிறார்கள். எழுந்தவர் சொன்னது: "இரையாதே, அமைதலாயிரு." கிரேக்கத்தில் அது வாய்ப்பூட்டுப் போடுகிற சொல். முதலாம் அதிகாரத்தில் அசுத்த ஆவியை அதட்டும்போதும் அதே சொல்தான்.

நம் கொச்சிக்கடையிலும் இப்படி ஒரு செய்தி வழிவழியாக உண்டு. ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தேடிப் பிடித்த காலம். கடல் கரையை அரித்துக்கொண்டு வர, மீனவர்கள் மறைந்திருந்த குருவிடம் போனார்கள். அவர் கரையில் சிலுவையை நட்டு வேண்ட, கடல் பின்வாங்கியது என்பார்கள். நான் கத்தோலிக்கன் அல்லன். என்றாலும் அந்தோனியார் கோவிலைக் கடக்கும்போதெல்லாம் "இம்மட்டும் வா" என்ற வசனம் வாயில் வரும்.

ஆனால் 2004 டிசம்பர் 26 அன்று கடல் அங்கே நிற்கவில்லை. இந்தத் தீவில் மட்டும் 30,000 பேருக்கு மேல் போனார்கள். ஏன் அன்று "இரையாதே" என்ற குரல் கேட்கவில்லை என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. கேட்காதே என்று அவர்களை அடக்கவும் மாட்டேன். "நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா?" என்று படகிலிருந்தவர்களே கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் அவர் எழுந்தார்.

இப்போது அந்த முகத்துவாரத்து அம்மாவின் கேள்வி. வெளிப்படுத்தின விசேஷத்தை யோவான் எழுதியது பத்மு தீவிலிருந்து. அவர் எழுதிய ஏழு சபைகளும் கடலுக்கு அப்பால். 13-ஆம் அதிகாரத்தில் மிருகம் கடலிலிருந்து ஏறி வருகிறது. 18-ஆம் அதிகாரத்தில் மகா பாபிலோனுக்குச் சரக்கு கொண்டுபோனவர்கள் புலம்புகிறார்கள். அந்தச் சரக்குப் பட்டியலைத் துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள் கட்டாயம் வாசியுங்கள். பொன்னில் தொடங்குகிறது. நடுவில் இலவங்கப்பட்டை, நம் கறுவா! போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் இந்தக் கரைக்கு வந்ததே அதற்காகத்தான். கொழும்பில் இன்றைக்கும் கறுவாத்தோட்டம் இருக்கிறது. பட்டியல் எங்கே முடிகிறது தெரியுமா? "அடிமைகள், மனுஷருடைய ஆத்துமாக்கள்." கோப்பித் தோட்டத்துக்கென்று மலையகத்தாரின் பாட்டன் பூட்டனை ஏற்றிவந்த தோணிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஆட்களைச் சரக்காக்கிய கடல், உறவுகளை அறுத்த கடல், அதுதான் இல்லாமற்போகிறது. அம்மா, உங்கள் மகன் வலை வீசும் கடலைப் பற்றி யோவான் அங்கே பேசவில்லை என்றே நான் இப்போது வாசிக்கிறேன். சிங்காசனத்துக்கு முன்னால் பளிங்குபோல் ஒரு கண்ணாடிக்கடலை அவரே 4-ஆம் அதிகாரத்தில் காண்கிறார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 21:1-க்குச் சற்று முன்னால், 20:13-இல், "சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது." கொண்டுபோனவர்களைத் திருப்பிக் கொடுக்குமுன் கடலுக்கு விடுதலை இல்லை.

1985-இல் மன்னார்க் கரையிலிருந்து இராமேசுவரத்துக்குப் படகேறிய என் சின்ன மாமா போய்ச் சேரவில்லை. உடலும் கரை ஒதுங்கவில்லை. அம்மா அதைப் பற்றி எங்களிடம் பேசியதே கிடையாது. அவர் காலமான பின் அவருடைய வேதாகமத்தை எடுத்துப் பார்த்தேன். புதிய வானம், புதிய பூமிக்குக் கீழே கோடு எதுவும் இல்லை. அதற்கு முந்தின பக்கத்தில், 20:13-க்குக் கீழே பென்சிலால் இரண்டு முறை கோடு போட்டிருந்தார். ஓரத்தில் ஒரேயொரு சொல்: தம்பி.