முதலாவதா, முதலீடா?

அன்பானவர்களே, சுற்றி வளைக்காமல் நேரே விஷயத்துக்கு வருகிறேன். "நீ ஆண்டவருக்கு முதலிடம் கொடு, அவர் உன்னை முதலிடத்தில் வைப்பார்" என்று நாம் எல்லோருமே சொல்லியிருக்கிறோம். பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் தலையில் கை வைத்து ஜெபிக்கும்போது சொல்கிறோம், புதுத் தொழில் தொடங்குகிறவரிடம் சொல்கிறோம், நானும் மேடையில் நின்று பலமுறை சொன்னவன்தான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கொஞ்ச நாளாக அந்த வாக்கியத்தைச் சொல்ல வாயெடுத்தால் தொண்டையில் முள் மாதிரி சிக்குகிறது.

நம் மொழியில் 'முதல்' என்றால் வரிசையில் முன்னால் நிற்பது. வியாபாரத்தில் போடுகிற பணத்துக்கும் அதே பெயர்தான். முதல் போடுகிறவன் எதற்குப் போடுகிறான்? லாபத்துக்கு. தேவனை முதலாவது வைக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே பல நேரம் அவரை முதலாகப் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் என் பயம். காலையில் அரை மணி நேர ஜெபம், தவறாத தசமபாகம், மாதம் ஒரு உபவாசம், இத்தனை போட்டிருக்கிறேனே ஆண்டவரே, வரவு எங்கே? சரி, வாய்விட்டு யாரும் இப்படிக் கேட்பதில்லை. ஆனால் எதிர்பார்த்த வேலை கைநழுவும்போது நமக்குள் ஒரு கோபம் வருகிறதே, அது விசுவாசியின் கோபம் மாதிரி இல்லை, ஏமாந்துபோன பங்குதாரரின் கோபம் மாதிரி இருக்கிறது.

என் கதையையே சொல்கிறேன். வேலை தேடி அலைந்த நாட்களில் ஒரு ஜெப நோட்டு வைத்திருந்தேன். போன வருஷம் வீடு மாறும்போது அது ஒரு அட்டைப்பெட்டியின் அடியில் கிடைத்தது. உட்கார்ந்து புரட்டினேன். ஏறக்குறைய எல்லா வரியும் 'தாரும்' என்றே முடிகிறது. கேட்டதில் தப்பில்லை, 'வேண்டிய ஆகாரத்தைத் தாரும்' என்று கேட்கக் கற்றுக்கொடுத்ததே இயேசுதான். என்னைக் கூசவைத்தது வேறொன்று. வேலை கிடைத்த அன்று 'ஸ்தோத்திரம்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு நோட்டு முழுவதும் வெள்ளைத் தாள்.

இப்போது நமக்கு மனப்பாடமான வசனத்துக்கு வருவோம், மத்தேயு 6:33. 'முதலாவது தேவனுடைய ராஜ்யத்தையும் அவருடைய நீதியையும் தேடுங்கள், அப்பொழுது இவைகளெல்லாம் உங்களுக்குக் கூடக் கொடுக்கப்படும்.' இந்த 'இவைகளெல்லாம்' என்ற சொல்லுக்குள் நாம் எதையெதையோ திணித்து வைத்திருக்கிறோம், பதவி உயர்வு, சொந்த வீடு, வெளிநாட்டு விசா. இரண்டு வசனம் மேலே போய்ப் பாருங்கள். என்னத்தை உண்போம், என்னத்தைக் குடிப்போம், என்னத்தை உடுப்போம். அவ்வளவுதான் பட்டியல். சோறு, தண்ணீர், துணி. அதற்கு மேல் கிடைத்தால் நன்றி சொல்லலாம், ஆனால் அந்த வசனத்தைக் காட்டி அதை உரிமையாகக் கேட்க முடியாது.

சரி, அப்படியானால் வேதத்தில் வெற்றியே இல்லையா? இருக்கிறது, ஆனால் எந்த இடத்தில் இருக்கிறது என்று கவனியுங்கள். யோசேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பதினேழு வயதுப் பையன், அண்ணன்மார் இருபது வெள்ளிக்காசுக்கு விற்றுவிட்டார்கள், முன்பின் தெரியாத தேசத்தில் அடிமை. அந்த நிலையில் ஆதியாகமம் 39:2 சொல்கிறது: 'கர்த்தர் யோசேப்போடே இருந்தார், அவன் காரியசித்தியுள்ளவனானான்.' அரண்மனையில் இல்லை ஐயா, அடிமையாக வேலை பார்த்த வீட்டில்! அப்புறம் எஜமானின் மனைவி இழுக்கிறாள், 'தேவனுக்கு விரோதமாய்ப் பாவம் செய்வது எப்படி' என்று மேலங்கியை அவள் கையிலேயே விட்டுவிட்டு ஓடுகிறான். தேவனுக்கு முதலிடம் கொடுத்தாயிற்று. கிடைத்த பரிசு? சிறை. அந்த அதிகாரத்தின் கடைசி வசனமும் அந்தச் சிறைக்குள் இருந்துதான் சொல்கிறது, அவன் எதைச் செய்தானோ அதைக் கர்த்தர் வாய்க்கப்பண்ணினார் என்று. எகிப்து ராஜாவாகிய பார்வோனுக்கு முன்னால் நின்று தேசத்துக்கே அதிகாரியாகும்போது அவனுக்கு முப்பது வயது, நடுவில் பதின்மூன்று வருஷம். பிரசங்கம் செய்கிற நாங்கள் 37ஆம் அதிகாரத்திலிருந்து 41க்கு ஒரே தாவாகத் தாவி கிரீடத்தைக் காட்டிவிடுகிறோம்.

ஓட்டப்பந்தய வீரர் எரிக் லிடெல் விஷயத்திலும் இதே தாவல்தான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் முதற்சுற்று ஞாயிற்றுக்கிழமை வந்தது, ஓய்வுநாளில் ஓடமாட்டேன் என்று விட்டுவிட்டார், பிறகு 400 மீட்டரில் 47.6 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். பார்த்தீர்களா, தேவனைக் கனம்பண்ணினார், தங்கம் வந்தது! இப்படிச் சொன்னால் கைதட்டல் நிச்சயம். ஆனால் கதை அங்கே முடியவில்லையே. மறுவருஷமே அவர் மிஷனரியாகச் சீனாவுக்குப் போனார், போர்க்காலத்தில் ஜப்பானியரின் வெய்சியன் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார், பிள்ளைகளுக்குப் பாடமும் விளையாட்டும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார், 1945 பிப்ரவரியில் மூளையில் கட்டி வந்து 43 வயதில் அங்கேயே இறந்தார். இன்னும் ஆறு மாதம் போயிருந்தால் விடுதலை. பாரிஸில் அவர் எடுத்த முடிவு சரி என்பதற்குத் தங்கம் சாட்சி என்றால், முகாமில் வந்த மரணம் எதற்குச் சாட்சி? இரண்டு இடத்திலும் அவர் ஒரே ஆளாக இருந்தார், அதைத்தான் நான் வெற்றி என்பேன்.

இதைக் கேட்டுவிட்டு, 'அப்போ உழைக்க வேண்டாமா பிரதர்' என்று யாராவது ஆரம்பிக்காதீர்கள். 'எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்' என்று பவுல் கொலோசெயருக்கு எழுதியது யாரிடம் பேசும்போது தெரியுமா? வேலைக்காரரிடம், அந்தக் காலத்து அடிமைகளிடம். பதவி உயர்வுக்கு வழியே இல்லாத மனிதர்களிடம்.

முதலிடம் யாருக்கு என்பது ஆராதனையில் தெரியாது, அங்கே எல்லோருக்கும் அவர்தான் முதல். 'இந்த ஒரு எண்ணை மட்டும் மாற்றிப் போட்டுவிடு, யாருக்கும் தெரியாது' என்று மேலதிகாரி சொல்கிற அந்த அரை நிமிஷத்தில் தெரியும்.

கடைசியாக சாறிபாத் ஊர் விதவை. பஞ்ச காலம், பானையில் ஒரு பிடி மா, கலசத்தில் கொஞ்சம் எண்ணெய், இரண்டு விறகு பொறுக்கிக்கொண்டிருக்கிறாள், தானும் மகனும் சாப்பிட்டுச் செத்துப்போக. அவளிடம் போய் எலியா தீர்க்கதரிசி, 'முதல் அதிலே எனக்கு ஒரு சிறிய அடையைப் பண்ணிக் கொண்டுவா' என்கிறான். நானாக இருந்தால் விறகை எறிந்திருப்பேன். அவள் சுட்டுக் கொடுத்தாள். மாவும் எண்ணெயும் தீராது என்று எலியா சொன்ன வாக்கு நிறைவேறியது, ஆனால் எப்படி என்று வாசியுங்கள்: மா செலவழிந்துபோகவில்லை, எண்ணெய் குறைந்துபோகவில்லை. பானை நிரம்பி வழிந்தது என்று ஓர் இடத்திலும் இல்லை. மறுநாள் காலையிலும் அவள் பானைக்குள் கையை விட்டுத் துழாவித்தான் பார்த்திருப்பாள். அடியில் ஒரு பிடி இருந்திருக்கும்.